பிரம்மா கோழி: குஞ்சிலிருந்து வளர்க்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் ஆறு வருடமாகப் பிரம்மா வளர்க்கிறேன். இப்போது இரண்டு சேவல், ஏழு பெட்டை. கோழியைப் பார்க்க வருபவர்களும் போனில் விசாரிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பண்ணை வைத்துத் தொழிலாகச் செய்பவர்களுக்கு இது போதாது. ஐந்து முதல் பத்துக் கோழி வரை ஆசைக்கு வளர்ப்பவர்களுக்காக எழுதியது.

பிரம்மா நம்ம ஊர்க் கோழியா? பெயர் அப்படித்தானே இருக்கிறது?

பெயர் மட்டும்தான் இந்தப் பக்கத்துப் பெயர். கோழி உருவானது அமெரிக்காவில். 1840களில் சீனாவின் ஷாங்காய் துறைமுகத்திலிருந்து கப்பலில் போன பெரிய கோழிகள்தான் இதன் மூலம். இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் சிட்டகாங் பகுதியின் சாம்பல் நிறக் கோழியும் அதில் கலந்தது என்று வளர்ப்பாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். இதன் கொண்டையும் புருவ மேடும் ஷாங்காய் கோழிக்கு இல்லாதவை என்பது அவர்கள் காட்டும் அடையாளம். தொடக்கத்தில் ஆளுக்கொரு பெயர் சொல்லி அழைத்தார்கள். கடைசியில் பிரம்மபுத்திரா ஆற்றின் பெயர் நிலைத்து, அதுவே சுருங்கிப் பிரம்மா ஆனது. 1852இல் ஜார்ஜ் பர்ன்ஹாம் என்ற அமெரிக்க வளர்ப்பாளர் விக்டோரியா மகாராணிக்கு ஒன்பது கோழிகளை அன்பளிப்பாக அனுப்பினார். அதற்குப் பிறகு இங்கிலாந்திலும் இந்த இனத்துக்கு ஏக மவுசு. 1874இல் அமெரிக்கக் கோழித் தர நூலில் லைட் (வெள்ளை உடம்பு, கழுத்தில் கறுப்பு வரி), டார்க் (கறுப்பும் சாம்பலும் கலந்தது) என்ற இரண்டு நிறங்கள் ஏறின. பஃப் என்கிற பொன்மஞ்சள் நிறம் 1924இல் சேர்ந்தது.

இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், இது பனிக்காலத்தைத் தாங்குவதற்காகத் தேர்ந்து தேர்ந்து வளர்க்கப்பட்ட கோழி. காலில் இறகு, உடம்பில் மெத்தை போன்ற உள்ளிறகு, சின்னக் கொண்டை எல்லாமே குளிருக்கானவை. நம் ஊரில் இதை வளர்ப்பதில் வரும் பாதிச் சிக்கலுக்கு அதுதான் காரணம்.

எவ்வளவு பெரிதாகும்?

தர நூலில் லைட் வகைச் சேவலுக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோ, பெட்டைக்கு 4.3 கிலோ. டார்க் வகை அரை கிலோ குறைவு. வீடியோவில் இடுப்பு உயரத்துக்குத் தெரிகிற சேவலில் பெரும்பகுதி இறகுதான். என் பெரிய சேவல் தராசில் நாலே முக்கால் கிலோ நின்றது. பார்ப்பவர்கள் எட்டு கிலோ இருக்கும் என்பார்கள்.

அந்த அளவுக்கு வர ஒன்றரை வருடம், சில சமயம் இரண்டு வருடம்கூட ஆகும். ஆறாவது மாதத்தில் கழுத்தும் காலும் மட்டும் நீண்டு எலும்பாகத் தெரிகிற ஒரு பருவம் வரும். அப்போது பயந்துபோய் சத்து மருந்து ஊற்ற வேண்டாம். இந்தக் கோழி முதலில் எலும்பை வளர்க்கும், சதை அப்புறம்தான் பிடிக்கும்.

குஞ்சு வாங்கும்போது அசல் பிரம்மாதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குஞ்சை மட்டும் பார்த்து உறுதி சொல்ல முடியாது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை, காலில் இறகு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பத்துக் குஞ்சு வாங்கினேன். நாலாம் மாதத்தில் அதில் ஆறு மெலிந்து உயர்ந்து, காலில் நாலைந்து இறகோடு, சண்டைக்கோழிச் சாயலில் நின்றன.

கால் இறகு கலப்புக் குஞ்சுக்கும் வரும். தாய் தந்தையில் ஒன்று பிரம்மாவாக இருந்தால் போதும், குஞ்சின் காலில் கொஞ்சம் இறகு முளைத்துவிடும். கொண்டையும் அப்படித்தான். பிரம்மாவின் கொண்டை தாழ்வாக, மூன்று வரிசை சிறு மேடுகளாக இருக்கும். நாட்டுக்கோழியின் கத்திப்பூக் கொண்டை போல ஒற்றை வரிசையாக நிமிர்ந்து நிற்காது. ஆனால் நம் பெருவிடைக்கும் அசில் கோழிக்கும்கூட இதே மாதிரிதான் கொண்டை. அதனால் பிரம்மாவையும் பெருவிடையையும் சேர்த்து எடுத்த குஞ்சு, கொண்டையில் சரியாகவே தெரியும்.

கொச்சின் என்று இன்னொரு இனம் இருக்கிறது. அதற்கும் கால் முழுக்க இறகு உண்டு, ஆனால் கத்திப்பூ. உடம்பும் பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். பிரம்மா நிமிர்ந்து நிற்கும், கண்ணுக்கு மேலே புருவம் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டையும் கலந்து விற்பவர்கள் உண்டு.

ஆகவே விற்பவரிடம் தாய்க்கோழியையும் சேவலையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள். பெற்றோரைப் பார்த்த பிறகு குஞ்சின் காலைத் தூக்கிப் பாருங்கள்: வெளிவிரலில் மட்டும் அல்ல, நடுவிரலிலும் இறகு இருக்க வேண்டும். கால் தோல் மஞ்சளாக இருக்க வேண்டும். விரல் நான்குதான். ஐந்து விரல் இருந்தால் வேறு இனம் கலந்திருக்கிறது.

எத்தனை குஞ்சு வாங்கலாம்? எந்த மாதம் நல்லது?

ஆறு முதல் எட்டு வாங்குங்கள். பாதி சேவலாகப் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குஞ்சு வேண்டவே வேண்டாம். அது நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும், தீவனமும் சரியாக எடுக்காது.

மாதம் என்றால் நான் தை, மாசியைச் சொல்வேன். மழை முடிந்திருக்கும், தரை காய்ந்திருக்கும். கத்திரி வெயில் வரும்போது குஞ்சுக்கு மூன்று, நான்கு மாதம் ஆகியிருக்கும். சின்ன உடம்பு என்பதால் பெரிய கோழியைவிட வெயிலைத் தாங்கும். ஐப்பசி மழைக்குள் முழு இறகும் முளைத்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் வாங்கிய குஞ்சுகளோடு ஈரத்தில் நான் பட்ட பாடு போதும்.

குஞ்சு வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன செய்வது?

பெட்டியைத் திறந்ததும் தீவனம் வைக்காதீர்கள், முதலில் தண்ணீர். கொதித்து ஆறின தண்ணீரில் கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ கரைத்து, ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்து, அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட வையுங்கள். மூக்குத்துளை நனையக் கூடாது. தொட்டதும் தலையை மேலே தூக்கி, தொண்டை இரண்டு தடவை ஆடும். அந்த ஒரு வாய் குடித்துவிட்டால் அடுத்த தடவை தானாகப் போய்க் குடிக்கும், மற்றதும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு உள்ளே விழுந்து நனைந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துத் தீவனம் வைத்தால் போதும்.

அப்போதே ஆசனவாயையும் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் பிய்க்கக் கூடாது, தோல் உரிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊற வைத்துத் துடையுங்கள்.

பல்பு எத்தனை வாட்? எத்தனை நாள்?

குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது பொதுக் கணக்கு. ஆனால் எட்டுக் குஞ்சுக்குப் பதினாறு வாட் பல்பு போட்டால் சூடு தெரியாது. அறுபது வாட் போட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். குண்டு பல்புதான் வேண்டும் என்று கடையில் சொல்லிக் கேளுங்கள். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. எல்இடியைப் போட்டுவிட்டுக் காலையில் குஞ்சு விறைத்துக் கிடந்ததாக இரண்டு பேர் என்னிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். அங்கங்கே பரவி, சிலது கொத்திக்கொண்டும் சிலது காலை நீட்டித் தூங்கிக்கொண்டும் இருந்தால் சரி. சித்திரை மாதத்துப் பகலில் பல்பே தேவைப்படாது, இரவுக்குப் போதும். மார்கழியில் நாலு வாரம் வரை தேவைப்படும்.

அட்டைப் பெட்டியாக இருந்தால் மூலைகளை அட்டை வைத்து வட்டமாக மறைத்துவிடுங்கள். குளிரில் மூலையில் நெருக்கிக்கொண்டு அடியில் இருப்பது மூச்சுத் திணறிப் போவது நடக்கும். பல்பைச் சங்கிலியிலோ கம்பியிலோ கட்டுங்கள், நூல் கயிறு வேண்டாம். மேலே கம்பி வலை மூடி கட்டாயம். பூனைக்கு மட்டும் அல்ல, பெருச்சாளிக்கும் சேர்த்துத்தான்.

அடியில் என்ன விரிப்பது?

உமி. இரண்டு அங்குலம். முதல் மூன்று நாள் மட்டும் உமியின் மேல் பழைய சாக்கை விரித்துவிடுங்கள், குஞ்சு உமியைத் தின்னாமல் இருக்கும். வழுவழுப்பான காகிதமோ பிளாஸ்டிக்கோ வேண்டாம். பிரம்மா குஞ்சு பிறக்கும்போதே கனமானது. கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துவிட்டால் நிமிர்த்துவது கஷ்டம். அப்படி ஆனால், முதல் இரண்டு நாளுக்குள் மெல்லிய துணிப்பட்டையால் இரண்டு காலையும் தோள் அகலத்துக்கு இணைத்துக் கட்டிவிட்டால் நாலைந்து நாளில் சரியாகிவிடும்.

என்ன தீவனம் கொடுப்பது?

முதல் எட்டு வாரம் குஞ்சுத் தீவனம், புரதம் 20 விழுக்காடு அளவில். அதன் பிறகு முட்டையிடத் தொடங்கும் வரை வளர் தீவனம், 16 அல்லது 17 விழுக்காடு. முட்டைத் தீவனம் முதல் முட்டைக்குப் பிறகுதான். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சுக்குக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.

பிராய்லர் தீவனம் கொடுக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏற்ற வேண்டிய கோழிக்கான தீவனம் அது. பிரம்மாவின் எலும்பு அந்த வேகத்துக்கு இறுகாது. என் இரண்டாவது தொகுதியில், சீக்கிரம் பெரிதாகட்டும் என்ற ஆசையில் மூன்று மாதம் பிராய்லர் தீவனம் போட்டேன். எடை நன்றாகத்தான் ஏறியது. நாலாம் மாதம் ஒரு சேவல் குஞ்சு முழங்காலை உள்ளே மடக்கி நடக்கத் தொடங்கியது, பிறகு உட்கார்ந்தே இருந்தது. தீவனத்தை மாற்றியும் அது எழவில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்து இரண்டு மாதம் பார்த்துக்கொண்டேன், அப்புறம் போய்விட்டது. இன்றைக்கும் ஒரு குஞ்சு கொஞ்சம் தாங்கி நடந்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

கால் விரல் உள்ளே சுருண்டு, கணுக்காலால் நடந்தால் அது வேறு. பி2 வைட்டமின் குறைபாடு. ஆரம்பத்திலேயே கவனித்து பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் திருந்திவிடும்.

கம்பு, கரையான், கீரை எல்லாம் கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் ஒரு மாதம் ஆன பிறகு, மாலையில், கொஞ்சமாக. எங்கள் வீட்டில் பழைய பானைக்குள் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, மண்ணில் கவிழ்த்து வைப்போம். மறுநாள் விடிவதற்குள் கரையான் ஏறியிருக்கும். அந்தப் பானையைத் தூக்கும் சத்தம் கேட்டாலே எல்லாம் ஓடி வரும். முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்க விட்டால் எம்பி எம்பிக் கொத்தும். காலுக்கு நல்ல பயிற்சி. கம்பும் சோளமும் நொறுக்கியது மட்டும். தானியமே சாப்பாடாகிவிட்டால் புரதம் குறைந்து இறகு மெலிந்துவிடும், பிரம்மாவின் அழகே இறகுதானே.

தடுப்பூசி அவசியமா? நாலு கோழிதானே?

அவசியம். வெள்ளைக் கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கூண்டே காலியாகிவிடும். வந்த பிறகு மருந்து கிடையாது.

நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: முதல் வாரக் கடைசியில் லசோட்டா என்ற ராணிக்கெட் சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து. 28ஆம் நாள் மறுபடி லசோட்டா. ஆறாவது வாரத்துக்கு மேல் அம்மைத் தடுப்பூசி. எட்டாவது வாரத்துக்கு மேல் ராணிக்கெட் ஊசி, இறக்கையின் தோலுக்கடியில். உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்; பகுதிக்குப் பகுதி சிறிது மாறும். கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் கோழிக்கழிச்சல் முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

ஆசைக்கு வளர்ப்பவர்களுக்கு உண்மையான சிக்கல், ஒரு குப்பியில் நூறு டோஸ், அதற்கு மேலும் இருப்பது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்கிறோம். குப்பியைக் கடையிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டு வர வேண்டும். சட்டைப்பையில் வைத்துக் கொண்டு வந்த மருந்தைப் போடுவதும் வெறும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான்.

எச்சத்தில் இரத்தம் தெரிகிறது. என்ன செய்வது?

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு என்றால் பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு, ஆம்ப்ரோலியம் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். ஈர உமியை முழுக்க அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் ஈரம் சேரும், அந்த இடத்தைத் தினமும் கையால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

கால் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. சண்டை எதுவும் நடக்கவில்லையே?

இரண்டு, மூன்று மாதத்தில் கால் இறகு புதிதாக முளைக்கும்போது தண்டுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இறகின் அடி நீலம் பாரித்துத் தெரியும். அது வலையில் சிக்கியோ இன்னொரு கோழி மிதித்தோ ஒடிந்தால் சின்ன இறகுக்குத் தாங்காத அளவு இரத்தம் வரும். மஞ்சள் தூளை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும். அதன் பிறகு அந்தக் கோழியை ஒருநாள் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றதெல்லாம் அதையே கொத்தும், ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அந்தப் பழக்கத்தை நிறுத்துவது கடினம்.

சேவலா பெட்டையா என்று எப்போது தெரியும்?

எட்டு முதல் பத்து வாரத்தில் கொண்டையைப் பாருங்கள். மூன்று வரிசையும் அகன்று சிவந்தால் சேவல். பெட்டைக்கு நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு போலத்தான் இருக்கும். சேவல் குஞ்சுக்கு இறகு மெதுவாக முளைக்கும், தோளிலும் முதுகிலும் வெறும் தோல் தெரியும். டார்க் வகையில் இன்னும் சுலபம்: பெட்டையின் இறகில் மெல்லிய கோட்டு வேலைப்பாடு வரும், சேவலின் மார்பு கறுக்கும். ஒரு நாள் குஞ்சிலேயே பெட்டை என்று சொல்லி அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

கொட்டகை எப்படி இருக்க வேண்டும்?

கோழிக்கு ஐந்து சதுர அடி உள்ளே, பதினைந்து சதுர அடி வெளியே. பிரம்மா பறக்காது, மூன்றடி வேலி போதும். ஆனால் வேலி கோழிக்காக அல்ல, நாய்க்கும் கீரிக்கும் என்று நினைத்துக் கட்டுங்கள். இரவு அடைக்கும் இடத்துக்கு அரை அங்குல வெல்ட் மெஷ். ஒரு அங்குல வலையில் சாரைப்பாம்பு நுழையும்.

உட்காரும் கட்டை தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் வேண்டாம். நாலு கிலோ உடம்பு மூன்றடி உயரத்திலிருந்து தினமும் குதித்தால் உள்ளங்காலில் புண் வந்து கட்டியாகும். கட்டை உருண்டையாக இல்லாமல் நாலு அங்குல அகலப் பலகையாக இருந்தால் நல்லது. கூரை தென்னங்கீற்று. தகரமோ சிமெண்ட் ஷீட்டோ ஏற்கெனவே இருந்தால் அதன் மேல் கீற்றைப் பரப்பிவிடுங்கள்.

நம் ஊர் வெயிலைத் தாங்குமா?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். தாங்க வைக்க முடியும். தானாகத் தாங்காது.

கோழிக்கு வியர்வை கிடையாது. மூச்சு வாங்கியும், கொண்டை, தாடி, கால் வழியாகவும்தான் சூட்டை வெளியேற்றும். பிரம்மாவுக்குக் கொண்டையும் தாடியும் சிறியவை, காலோ இறகால் மூடியிருக்கிறது. மிச்சம் இருப்பது மூச்சு ஒன்றுதான். கோழியின் உடல் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி பக்கம். வெளியே 40 வந்துவிட்டால் அது எங்கே போய் ஆறும்?

பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரை நான் செய்வது: காலை எட்டரைக்குள் தீவனத்தை எடுத்துவிடுவேன், மறுபடி வைப்பது மாலை ஐந்துக்கு மேல். தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு கூடும், உச்சி வெயிலில் வயிறு நிறைந்திருப்பதுதான் ஆபத்து. தண்ணீர் மண்சட்டியில், மூன்று இடத்தில், நிழலில். மதியம் ஒருமுறை மாற்றுவேன். பதினொரு மணிக்கு நீர்மோர், ஒரு கோழிக்கு ஒரு கரண்டி அளவுதான்; இதையும் மண்சட்டியில் ஊற்றுங்கள், தகரப் பாத்திரத்தில் புளிப்பு அரிக்கும். வேப்பமரத்தடியில் ஒரு பகுதி மணலைக் காலையில் நனைத்துவிடுவேன். நண்பகலில் எல்லாக் கோழியும் மேல் மணலைக் கிளறிவிட்டு அந்தக் குளிர்ந்த பள்ளத்தில் வயிற்றைப் பதித்து, இறக்கையை விரித்துக் கிடக்கும். கொட்டகையின் மேற்குப் பக்கம் ஈரச் சாக்கு தொங்கும்.

இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்து வாய் திறந்து மூச்சு வாங்குவது வெயில் காலத்தில் சாதாரணம். கண் செருகி, கழுத்து தொங்கி, கொண்டை வெளுத்தோ நீலம் பாரித்தோ போனால் சாதாரணம் இல்லை. உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, சாதாரணத் தண்ணீர் நிறைந்த வாளியில் காலையும் வயிற்றையும் மட்டும் அமிழ்த்திப் பிடியுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது. தலையில் ஊற்றவும் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாதத்தில் ஒரு பெட்டை இப்படிச் சாய்ந்தது. வாளியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் எதுவும் தெரியவில்லை. பிறகு என் மணிக்கட்டை ஒருமுறை லேசாகக் கொத்தியது. அந்தக் கோழி இன்னும் இருக்கிறது.

மழைக்காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

கால். கால் இறகில் சேறும் எச்சமும் சேர்ந்து காய்ந்தால் கல் உருண்டை மாதிரி ஆகிவிடும். இழுத்தால் விரல் தோலோடு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிற்க வைத்தால் உருண்டை தானாகக் கரையும். கழுவிய பிறகு துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகே விடுங்கள். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாளில் வெளியே விடாமல் இருப்பதே நல்லது. முற்றத்தில் ஆற்று மணல் கொட்டி வைத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிடும்.

கழுவும்போதே இறகை விலக்கிக் கால் செதிலைப் பாருங்கள். செதில் தூக்கிக்கொண்டு வெள்ளை மாவு படிந்த மாதிரி இருந்தால் செதில் பூச்சி. இறகு மறைப்பதால் பிரம்மாவில் இது முற்றிய பிறகே கண்ணில் படும். தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் கலந்து, வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு மாதம் தடவுங்கள். எண்ணெய் மூடிக் காற்றில்லாமல் பூச்சி சாகும்.

மழை விட்டதும் கொசு வரும், கொசு அம்மையைக் கொண்டுவரும். அதனால்தான் அம்மைத் தடுப்பூசியை ஐப்பசிக்கு முன்னால் முடித்துவிடச் சொல்வேன்.

நாட்டுக்கோழியோடு சேர்த்து விடலாமா?

விடலாம், ஆனால் தீவனத்தைப் பிரித்து வையுங்கள். உருவத்தைப் பார்த்துப் பிரம்மாதான் அடக்கி ஆளும் என்று நினைப்போம். பாதி எடைகூட இல்லாத சிறுவிடைப் பெட்டை ஒன்று கழுத்தைச் சிலிர்த்தாலே பிரம்மா ஒதுங்கி நின்றுவிடும். புதிதாக வாங்கிய எந்தக் கோழியையும் ஒரு மாதம் தனியாக வைத்த பிறகே சேருங்கள்.

முட்டை எப்போது? எத்தனை?

ஏழு மாதத்துக்கு மேல். எட்டு, ஒன்பது ஆனாலும் கவலை வேண்டாம். நல்ல பருவத்தில் வாரத்துக்கு மூன்று, நான்கு. பழுப்பு முட்டை, உடம்பின் அளவுக்குப் பெரிதாக இருக்காது, 55 முதல் 60 கிராம். கத்திரி வெயிலில் நின்றுவிடும், குளிர் தொடங்கினால் மறுபடி இடும். முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை, குஞ்சுக்குத்தான் வேண்டும்.

பிரம்மாவே அடை காக்குமா?

ஆசையாகக் காக்கும். ஆனால் எடையால் முட்டை உடையும், காலடியில் குஞ்சு மிதிபடும். நான் சிறுவிடைக்கோழியின் கீழ் வைக்கிறேன், ஒரு கோழிக்கு ஆறு பிரம்மா முட்டை. 21 நாள். ஏழாம் நாள் இரவு செல்போன் வெளிச்சத்தை முட்டைக்கு அடியில் வைத்துப் பார்த்தால் கரு கூடியது சிலந்தி வலை போல நரம்போடு தெரியும், கூடாதது வெறுமையாகத் தெரியும்.

கூமுட்டை அதிகம் வந்தால் சேவலைக் குறை சொல்வதற்கு முன்னால், சேவலுக்கும் பெட்டைக்கும் ஆசனவாயைச் சுற்றியுள்ள பஞ்சு இறகைக் கத்தரியுங்கள். இந்த இனத்தில் அந்த இறகே தடையாக நிற்கும். ஒரு சேவலுக்கு ஐந்தாறு பெட்டைக்கு மேல் விடாதீர்கள்.

சேவல் குழந்தைகளைக் கொத்துமா? பக்கத்து வீட்டார் கூவலுக்குச் சண்டைக்கு வருவார்களா?

பொதுவாகச் சாது. குஞ்சிலிருந்தே கையில் எடுத்துப் பழக்கியிருந்தால் மடியில் வந்து உட்காரும். ஆனால் எந்தச் சேவலும் சேவல்தான், மூன்று வயதுக் குழந்தையைத் தனியாக விடாதீர்கள். கூவல் நாட்டுச் சேவலைவிடக் கட்டைக்குரல், கீச்சென்று காதைக் குடையாது. இரவில் இருட்டான இடத்தில் அடைத்து, காலை ஆறு மணிக்குத் திறந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் பிரச்சினை வராது.

கறிக்கு வளர்க்கலாமா? செலவு எவ்வளவு?

கறிக்கு வளர்க்கக் கட்டுப்படியாகாது. பெரிய கோழி ஒன்று நாளைக்கு 150 கிராம் அளவுக்குத் தின்னும். ஐந்து கோழிக்கு மாதம் 22, 23 கிலோ தீவனம். ஒன்றரை வருடம் இப்படிப் போட்டு வளர்ப்பதைக் கிலோ கணக்கில் விற்றால் தீவனக் காசுகூடத் திரும்பாது. உங்கள் ஊர்த் தீவன விலையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

எத்தனை வருடம் இருக்கும்?

நல்ல பராமரிப்பில் ஆறு, எட்டு வருடம். நான் முதலில் வாங்கிய பத்தில் அசலாக நின்ற ஒரு லைட் பெட்டை இப்போதும் இருக்கிறது. போன ஆண்டிலிருந்து முட்டை இல்லை, வெயில் நாளில் நடையும் குறைவு. வயதான கோழிக்கு முட்டைத் தீவனம் வேண்டாம், வளர் தீவனத்துக்கே திரும்பிவிடுங்கள். நகமும் அலகு நுனியும் தேயாமல் வளரும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுங்கள். என்னுடையது பலகையில் ஏற முடியாமல் நின்றதால், இரவு அடைக்கும் இடத்தில் அதற்கென்று தரையில் ஒரு செங்கல் உயரத்துக்கு உமி குவித்து வைத்திருக்கிறேன். சாயந்திரம் ஆறு மணிக்கு முதல் ஆளாக வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது.